மார்ஷியலின் தோகாவும் ஆங்கிலேயரின் மொழிபெயர்ப்பும்

உரோமப் புலவர் மார்ஷியலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தல் இயலாது என்பது ஆங்கிலக் கல்வியுலகில் நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு கூற்றாகும். இலத்தீனின் சொற்செட்டு ஆங்கிலத்துக்கு வாய்க்காது. அவர் ஈரடியில் முடித்ததை நாலடியிலும் முடிக்கவியலாது. எனவே இழப்பு தவிர்க்க முடியாதது என்பர். மொழியின்மீது பழியைச் சுமத்திவிட்டால் மொழிபெயர்த்தவன் தப்பிக்கொள்வான். ஆனால், பதினாறாம் நூற்றாண்டு முதலாக ஆங்கிலத்தில் மார்ஷியலுக்கு நேர்ந்தவற்றை வரிசைப்படுத்தி நோக்குவோருக்கு வேறோர் உண்மை புலனாகும். இழக்கப்பட்டவற்றுட் பெரும்பகுதி மொழியின் இயலாமையால் இழக்கப்பட்டதன்று, விரும்பியே விடப்பட்டது.

மார்ஷியல் ஸ்பானிய நாட்டின் பில்பிலிஸ் என்னும் சிற்றூரிற் கி. பி. 40 அளவிற் பிறந்தவர். 64 ஆம் ஆண்டில் உரோமாபுரிக்கு வந்து, முப்பத்து நான்கு ஆண்டுகள் அந்நகரில் வாழ்ந்தார். 80 ஆம் ஆண்டிற் கொலோசிய அரங்கு திறந்துவைக்கப்பட்டபோது அதன் காட்சிகளைப் பாடிய சிறு நூலே எஞ்சியுள்ள அவரது நூல்களுட் காலத்தால் முற்பட்டது. 86 ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ 102 ஆம் ஆண்டு வரையில் வெளிவந்த பன்னிரண்டு புத்தகங்களும், விருந்துப் பொருள்களோடும் பரிசுப் பொருள்களோடும் இணைத்து வழங்குதற்கான ஈரடிகள் கொண்ட வேறிரு தொகுதிகளுமாக, ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட செய்யுள்கள் அவர் பெயரில் உள்ளன.

இவற்றைப் பாடியவர் எவ்வாறு உயிர் வாழ்ந்தார் என்ற வினாவுக்கு விடை காணாமல் இவற்றுட் பாதியைத்தானும் விளங்கிக்கொள்ள முடியாது. உரோமச் செல்வர் ஒவ்வொருவரையும் சூழ்ந்து, கிளியன்ஸ் எனப்பட்ட சார்ந்தோர் கூட்டமொன்று இருந்தது. விடியுமுன் எழுந்து, புரவலனின் வாயிலிற் காத்துநின்று, வணக்கஞ் செலுத்தி, அவன் பல்லக்கின் பின்னே நடந்து, மன்றிலே அவன் பேச்சுக்குக் கைதட்டுவது இவர்களது கடன். இதற்குக் கைம்மாறாக ஸ்போர்ட்டுலா எனப்பட்ட சிறு தொகை கிடைத்தது. வழமையான தொகை நூறு குவாட்ரன்ஸ், அதாவது ஆறேகால் செஸ்டர்ஸ். இதனைத் தமிழிற் ‘பரிசில்’ என்று பெயர்த்தல் பெரும்பிழை. பரிசில் என்ற சொல்லில் இரவலனுக்கும் ஒரு பெருமிதம் உண்டு. ஆங்கிலத்தார் இதற்கு வழங்கும் ‘டோல்’ என்ற சொல்லும் பொருத்தமன்று. அது தருமமாகக் கொடுக்கப்படுவதையும், இருபதாம் நூற்றாண்டில் வேலையற்றோருக்கு அரசு அளித்த உதவியையுமே குறிக்கும். ஸ்போர்ட்டுலா தருமமன்று, தன்மானத்தை நாள்தோறும் விற்றதற்கான கூலி.

மார்ஷியல் மெய்யாகவே பட்டினி கிடந்தவரல்லர், குதிரைவீரர் வகுப்பின் தகுதியையும் நொமெந்தம் என்ற இடத்தில் ஒரு சிறு காணியையும் பெற்றிருந்தவர், ஆகவே அவரது வறுமை வெறும் வேடமே என வாதிடுவோர் உளர். அவர்கள் கூறும் தகவல்கள் சரியானவை, முடிவே தவறானது. அவருடைய செய்யுள்களின் கருப்பொருள் பசியன்று, சார்ந்து நிற்றல். காணி உள்ளவனும் இன்னொருவனின் வாசலில் நிற்கவேண்டியிருந்தமையே அந்தச் சமுதாய அமைப்பின் கொடுமை.

இந்தச் சார்புநிலையின் அடையாளந்தான் தோகா. கம்பளியாலான அந்த நீண்ட போர்வையாடை உரோமக் குடிமகனின் கௌரவ உடை எனப் பாடநூல்கள் கூறும். மார்ஷியலின் செய்யுள்களிலோ அது சார்ந்தோனின் வேலையுடை. வணக்கஞ் செலுத்தப் போவோன் அதனை அணிந்தே போகவேண்டும்; கோடையில் அது வியர்வையிலே தோய்ந்தது; ஏழையின் தோகா நைந்து நிறங்கெட்டது. தொமிஷியன் மன்னனின் பள்ளியறைக் காவலன் பார்த்தீனியஸ் கொடுத்த தோகாவை, அது புதிதாயிருந்தபோது ஒரு செய்யுளிலும், நைந்துபோன பின்னர் வேறொரு செய்யுளிலும் அவர் பாடியுள்ளார். (இதே பார்த்தீனியஸ் பின்னர், 96 ஆம் ஆண்டில், மன்னனைக் கொன்ற சதியிலும் பங்குகொண்டான்.) முதுமையிற் பில்பிலிசுக்குத் திரும்பிய பின், தம் நண்பர் ஜுவெனலுக்கு எழுதிய செய்யுளில் அவர் மகிழ்ந்து கூறுவனவற்றுள் ஒன்று, அவ்வூரிலே தோகா என்பதை எவரும் அறியார் என்பதாகும்.

இனி, ஆங்கிலம் இந்தத் தோகாவை என்ன செய்தது என்று பார்த்தல் தகும். மார்ஷியலின் பத்தாம் புத்தகத்தில், இன்ப வாழ்வுக்கு வேண்டியவற்றைத் தம் நண்பருக்கு அடுக்கிக் கூறும் செய்யுள் ஒன்று உண்டு. அது அங்கதம் அன்று, அமைதியான பாட்டு. ஆங்கிலத்தார் முதன்முதலிற் பற்றிக்கொண்டவற்றுள் இதுவும் ஒன்று. எட்டாம் ஹென்றியின் காலத்துச் சரே பிரபு இதனை மொழிபெயர்த்தார். 1557 இல் ரொட்டெல் வெளியிட்ட புகழ்பெற்ற தொகை நூலிலும் அது இடம்பெற்றது. பின்னரும் பலர் இதனை மீண்டும் மீண்டும் பெயர்த்துள்ளனர். மார்ஷியல் கூறும் இன்பங்களுள் ஒன்று, தோகாவை அரிதாகவே அணிதல். சரே பிரபு இவ்விடத்தில் ஆளும் பொறுப்பும் அதிகாரச் சுமையும் இல்லாமையை வைக்கிறார். வாசலில் நிற்பவனின் ஏக்கம் மாளிகைக்குள் இருப்பவனின் அலுப்பாக மாறிவிட்டது! தோகா அரச கடமைகளின்போதும் அணியப்பட்டதாதலின் அகராதியைக் கொண்டு சரேயைக் குற்றவாளியாக்க முடியாது என்பது உண்மை. ஆனால் இரு பொருளுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும்போது பிரபு எதனைத் தெரிந்தெடுத்தார் என்பது கவனித்தற்குரியது. அதே செய்யுளில், உழைத்துத் தேடாமல் முதுசமாகக் கிடைத்த செல்வம் வேண்டும் என்று வரும் பகுதியை அவர் சற்றும் பிசகாமல் பெயர்த்துள்ளார்.

சரேயின் மொழிபெயர்ப்பு நல்ல கவிதை என்பதில் ஐயமில்லை. அதுவே தீங்கையும் விளைத்தது. பெருங்குடியினரின் ஓய்வுநேர ஞானியாக ஒரு மார்ஷியல் ஆங்கிலத்தில் தோன்றிவிட்டார். அவரைப் பின்வந்தோர் அகற்றவில்லை, அலங்கரித்தனர்.

மறுதலையாக, மொழிபெயர்ப்பு என்று பெயரிடாமலே மார்ஷியலை ஆங்கிலத்துக்குக் கொணர்ந்தவர் பென் ஜோன்சன். 1616 இல் வெளிவந்த அவரது தொகுதியில், நண்பர் ஒருவரை இராவுணவுக்கு அழைக்கும் பாடல் மார்ஷியலின் மூன்று அழைப்புச் செய்யுள்களைக் கலந்து ஆக்கப்பட்டது. உணவுப் பட்டியல், எளிய வீட்டுக்காரனின் நகைச்சுவை, விருந்தின்போது படிக்கப்படும் நூல் யாவும் அங்கிருந்து வந்தவை. ஆனால் மார்ஷியலின் விருந்திற் பேசியவை மறுநாட் காலையில் அச்சந்தரலாகாது என்ற குறிப்பைக் கண்ட ஜோன்சன், தம் காலத்து உளவாளிகள் எனக் கருதப்படும் இருவரின் பெயர்களை அவ்விடத்திலே துணிந்து சேர்த்தார். கொடுங்கோலனின் நகரிலே நண்பர்கள் நாவடக்கி உண்ண வேண்டியிருந்த நிலையை அவர் நேரே அறிந்திருந்தார், சிறையையும் அறிந்திருந்தார். சொல்லுக்குச் சொல் பெயர்த்தோர் எவருக்கும் எட்டாத ஒன்று அவருக்கு எட்டியமைக்குக் காரணம், அவரும் புரவலரை நம்பி வாழ்ந்த புலவராயிருந்தமையே எனலாம்.

ஆங்கில உலகில் மிகப் பிரசித்தமான மார்ஷியல் மொழிபெயர்ப்பு பதினேழாம் நூற்றாண்டில் ரொம் பிரவுண் ஒக்ஸ்போர்ட்டில் மாணவராயிருந்தபோது பாடியதாகக் கூறப்படும் நாலடி. கல்லூரித் தலைவர் டொக்டர் பெல் அவரை வெளியேற்ற எண்ணி, மார்ஷியலின் ஈரடி ஒன்றை உடனே மொழிபெயர்த்தால் மன்னிப்பதாகக் கூறினார் என்பது கதை. அந்த ஈரடி, சபீடியஸ் என்ற ஒருவனைத் தமக்குப் பிடிக்காது என்பதையும், காரணம் கூற முடியாது என்பதையும் அன்றி வேறெதனையும் கூறவில்லை. பிரவுண் சபீடியசை நீக்கிவிட்டு, எதிரே இருந்த தலைவரின் பெயரையே அவ்விடத்தில் வைத்தார். தொல்காப்பியர் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என வகுத்த இரண்டையும் இங்கே நினைவுகூரலாம். மார்ஷியல் ஆளை விட்டுக் குற்றத்தையே சாடுவதாகத் தம் கொள்கையை அறிவித்தவர். அவர் வசைபாடும் பெயர்கள் பெரும்பாலும் புனைபெயர்கள். பிரவுண் மூலத்தின் விதியை மீறினார். மீறியும், அதிகாரம் உடையவன் முன்னே அதிகாரமற்றவன் நிற்கும் நிலையை மீண்டும் உயிர்ப்பித்தார். பின்வந்தோர் அந்தப் பாடலைக் குழந்தைப் பாட்டாக்கி விட்டனர். டொக்டர் பெல் யார் என்று அறியாமலே பிள்ளைகள் அதனைப் பாடினர்.

பதினெட்டாம் நூற்றாண்டிற்கு அதிக இடம் வேண்டியதில்லை. 1782 இல் ஜேம்ஸ் எல்பின்ஸ்டன் என்ற பள்ளி ஆசிரியர் மார்ஷியலைச் செய்யுளிற் பெயர்த்து வெளியிட்டார். றொபேட் பேர்ண்ஸ் அதனை எள்ளி நாலடி பாடினார். நூல் மறைந்தது, எள்ளல் நிலைத்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இதனினும் நகைப்புக்கிடமானது. மார்ஷியலின் செய்யுள்களுட் கணிசமானவை காமப் பொருளை மூடாமற் பேசுபவை. 1860 இல் இலண்டனில் வெளிவந்த போன் பதிப்பு, எல்லாச் செய்யுள்களையும் ஆங்கில உரைநடையிலே தருவதாகத் தோன்றும்; ஆனால் ‘ஆகாத’ செய்யுள் வருமிடத்தில் ஆங்கிலம் நின்றுவிட, கிராலியா என்பவரின் இத்தாலிய மொழிபெயர்ப்பு தலைகாட்டும். இஃது ஏதோ விக்ரோறியா மகாராணி காலத்துக் கூச்சம் எனத் தள்ளிவிடவும் முடியாது. 1912 முதல் வெளிவரத் தொடங்கிய லோப் நூல்வரிசை, இடப்பக்கத்தில் மூலமும் வலப்பக்கத்தில் ஆங்கிலமுமாக அமைந்து, இலத்தீன் மறந்தோருக்கும் அறியாதோருக்கும் உதவுதற்கென்றே ஏற்பட்டது. அதில் 1919–1920 இல் வால்டர் கெர் பெயர்த்த மார்ஷியலிலும் அதே இத்தாலியம் அதே இடங்களை நிரப்பியது. 1993 இல் ஷக்கிள்ற்றன் பெய்லியின் புதிய பதிப்பு வரும்வரையில், உலகெங்கும் பல்கலைக்கழக நூலகங்களில் மாணவர் கையெடுத்த நூல் பெரும்பாலும் இதுவே.

இத்தாலியம் எவரிடமிருந்து எதனை மறைத்தது? இலத்தீன் கற்ற கனவான் இடப்பக்கத்தைப் படித்துக்கொள்வான். உயர்குடிப் பெண்டிருக்கு இலத்தீனைக் காட்டிலும் இத்தாலியமே பெரிதும் கற்பிக்கப்பட்டதாதலின், அவர்களிடமிருந்தும் அது மறையவில்லை. எஞ்சியவர் எவர்? ஆங்கிலம் மட்டும் அறிந்த தொழிலாளி, எழுதுவினைஞன், குடியேற்ற நாட்டின் பாடசாலை மாணவன் ஆகியோரே. ஒழுக்கத்தைக் காத்தல் என்ற பெயரில் நடந்தது உண்மையில் வர்க்க வேலி அமைத்தல். வேலியும் உறுதியானதன்று. பக்கம் புரட்டும்போது இத்தாலியம் கண்ணிற்பட்டாற் போதும், எந்தச் செய்யுளைத் தேடிப் படிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். பைரன் பிரபு 1819 இல் தம் டொன் ஜுவான் காவியத்தின் முதற் காண்டத்திலேயே இத்தகைய ஒரு முறையைப் பரிகசித்திருந்தார். பாடசாலைப் பதிப்பொன்றில் ஆகாத செய்யுள்கள் யாவும் அகற்றப்பட்டு நூலின் இறுதியில் ஒருங்கே தொகுக்கப்பட்டிருந்தமையால், மாணவருக்குத் தேடும் சிரமமே இல்லாது போயிற்றென்பது அவரது நையாண்டி.

இவை யாவும் பழங்கதை, 1960களுக்குப் பின்னர் மூடிமறைத்தல் ஒழிந்தது, இனி என்ன குறை என்று கேட்போர் உண்டு. இக்கட்டுரை முதன்மையாக மறுக்க முனைவது இந்த மனநிறைவையே. ஒரு வேலியை அகற்றியதாற் காணி முழுவதும் திறந்துவிட்டதாகாது. முன்னையோர் காமச் செய்யுள்களை விலக்கிக் கனவானை ஆக்கினர். பின்னையோர் அவற்றையே முன்னிறுத்தி மார்ஷியலைக் கூச்சமற்ற நகர்ப்புறக் கேலிக்காரராக ஆக்கினர். இருதிறத்தாரின் கையிலும் நழுவிப்போனவை ஒன்றே: இரக்கும் செய்யுள்கள், நன்றி கூறும் செய்யுள்கள், மன்னனைப் புகழும் செய்யுள்கள். ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்டவற்றுள் டட்லி பிற்ஸ் 1967 இல் அறுபதைத் தெரிந்தார். தெரிதல் எவருக்கும் உரிமை. ஆனால் எல்லாத் தெரிவுகளும் ஒரே பக்கமாகச் சாயும்போது அதனை ரசனை என்று மட்டும் கூறி அமைதல் இயலாது. 1981 இல் ரொனி ஹரிசன் மார்ஷியலை நியூயோர்க் நகரில் உலவவிட்டமை இவற்றுள் உயிர்ப்புள்ள முயற்சிகளுள் ஒன்று. ஆயினும் நகரம் மாறும்போது, விடியற்காலை வாசலிற் காத்துநிற்றல் எதுவாக மாறும் என்ற வினா அங்கும் எஞ்சி நிற்கிறது.

தொமிஷியனைப் புகழும் செய்யுள்கள் சுவையற்றவை, அருவருப்பானவை, அவற்றை விடுவதால் என்ன நட்டம் என்பர். அருவருப்பானவை என்பது மெய். மன்னன் கொல்லப்பட்டதும் பத்தாம் புத்தகத்தைத் திருத்தி 98 இல் மீண்டும் வெளியிட்ட மார்ஷியல், பழைய முகத்துதிகளுக்கு விடைகொடுப்பதாகப் பாடி, புதிய ஆட்சியாளரைப் போற்றத் தொடங்கினார். இதனை மறைப்போர் புலவரின் மானத்தைக் காப்பதாக எண்ணுகின்றனர். அவர்கள் காப்பது வேறொன்றை. வசையும் துதியும் ஒரே வாயிலிருந்து, ஒரே பிழைப்பின் நிமித்தம் பிறந்தவை. துதியை நீக்கிய வசை, பாதுகாப்பான இடத்திலிருந்து பிறரைப் பார்த்துச் சிரிக்கும் ஒருவனின் வசையாகிவிடும். மார்ஷியல் ஒருபோதும் பாதுகாப்பான இடத்தில் இருந்தவரல்லர். விருந்துக்கு அழைத்துத் தனக்கு நல்ல உணவையும் விருந்தினனுக்கு மட்டமான உணவையும் பரிமாறும் செல்வனை அவர் சாடும்போது, மறுநாளும் அதே மேசைக்கு அழைக்கப்படவேண்டும் என்ற கவலையும் கூடவே ஒலிக்கிறது. அக்கவலை கேளாதவிடத்து எஞ்சுவது வெறும் துணுக்கு.

துணுக்காக்கும் வேலையில் எதுகைக்கும் பங்குண்டு. இலத்தீன் ஈரடியில் இறுதி இயைபு கிடையாது. நீண்ட அடியொன்றும் அதனிற் குறைந்த அடியொன்றுமாக இணைந்து, சொல்லொழுங்கின் நெகிழ்ச்சியாற் பொருளின் திறவுகோலான சொல்லைக் கடைசிவரையில் ஒளித்துவைக்க அதற்கு இயலும். தியோலஸ் என்னும் மருத்துவன் பிணஞ்சுமக்கும் தொழிலுக்கு மாறியதைப் பற்றிய ஈரடியில், தொழில் மாறினும் செய்யும் வேலை மாறவில்லை என்ற அடி இவ்வாறே விழுகிறது. ஆங்கிலமோ எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்ற முறைக்குக் கட்டுப்பட்டது. அந்தக் குறையை ஈடுசெய்ய அது இறுதி இயைபை நாடியது. விளைவு யாதெனில், முதலடியின் முடிவிலேயே மணி அடித்துவிடுகிறது. இரண்டாம் அடி எங்கு முடியும் என்பதைச் செவி முன்னரே அறிந்துவிடுகிறது. மூலத்தில் எதிர்பாராமல் விழுந்த அடி, மொழிபெயர்ப்பில் அறிவித்தல் கொடுத்து விழுகிறது. ஜெர்மனிய அறிஞர் லெசிங் 1771 இல் எபிகிராம் என்பது எதிர்பார்ப்பும் அதன் தீர்வுமாகிய இரு பகுதிகளால் ஆனது என வகுத்ததும் இந்தப் பழக்கத்துக்கே துணைபோனது. அவ்விலக்கணத்துக்கு அமையாத மார்ஷியல் செய்யுள்கள் ஏராளம், அவை பின்தள்ளப்பட்டன.

சான்றாக எரோத்தியன் பற்றிய செய்யுள்களைக் குறிப்பிடலாம். ஆறு வயது நிரம்ப ஆறே நாள்கள் இருக்கையில் இறந்த அடிமைச் சிறுமி அவள். ஐந்தாம் புத்தகத்தில் அவளைத் தம் பெற்றோரின் ஆவிகளிடம் ஒப்படைக்கும் உருக்கமான செய்யுளை ஆங்கிலத்தார் பலரும் விரும்பிப் பெயர்த்துள்ளனர். அடுத்து மூன்றாவதாக அமைந்த செய்யுளும் அதே சிறுமியைப் பற்றியதே. அங்கே நீண்ட துயரவுரையின் நடுவே பேட்டஸ் என்பவன் குறுக்கிட்டு, அடிமைப் பெண்ணுக்காக அழுவதா என்று கண்டிக்கிறான். தான் செல்வமும் குலமும் மிக்க மனைவியை இழந்தும் உயிரோடிருப்பதாகக் கூறுகிறான். அவன் மனைவியின் பெருந்தொகையை முதுசமாகப் பெற்றவன் என்பதை மார்ஷியல் வெளியிடுவதோடு செய்யுள் முடிகிறது. துயரமா, நகைச்சுவையா என்று பிரிக்க முடியாத இச்செய்யுளை எந்தத் தட்டில் வைப்பது என்று அறியாத தொகுப்பாளருக்கு முந்திய செய்யுளே வசதியானது. அடிமையின் சாவுக்கும் சீமாட்டியின் சாவுக்கும் உரோமச் சமுதாயம் இட்ட விலையை ஒரே செய்யுளில் எதிரெதிரே நிறுத்தியது இரண்டாவது செய்யுளேயாகும்.

விலை என்பது மார்ஷியலில் எங்கும் நிறைந்த பொருள். ஏழாம் புத்தகத்தில், நண்பர் ஒருவர் வேட்டையாடி அனுப்பிய காட்டுப்பன்றியைப் பெற்ற மகிழ்ச்சி இரண்டொரு அடிகளிலேயே கலக்கமாக மாறுகிறது. சமையற்காரன் அதற்கு மிளகைக் குவியலாகக் கேட்பான். உயர்ந்த மதுவும் மீன்சாறும் வேண்டும். இப்பன்றி வீட்டுக்காரனை முறித்துவிடும். ஆகவே அது திரும்பிப் போகட்டும் என்று முடிவுசெய்கிறார். ஆங்கில வாசகனுக்கு மிளகு மேசைமீதிருக்கும் அற்பப் பொருள். எனவே நகைச்சுவை அவனை முழுமையாக எட்டுவதில்லை. மூத்த பிளினி தரும் விலைப்படி கருமிளகு ஓர் இறாத்தலுக்கு நான்கு தெனாரியஸ், அதாவது பதினாறு செஸ்டர்ஸ். மார்ஷியலின் ஒருநாள் ஸ்போர்ட்டுலாவினால் அரை இறாத்தல்தானும் வாங்க முடியாது. தொமிஷியன் உரோமில் மிளகுக்கென்றே பண்டகசாலை கட்டியவன். அந்த மிளகு சேரநாட்டு முசிறியிலிருந்து மரக்கலமேறிச் சென்றது. பொன்னோடு வந்து மிளகோடு மீளும் யவனரின் கலங்களைச் சங்கச் செய்யுளிற் கற்ற தமிழ் மாணவனுக்கு அந்தச் சமையற்காரனின் கேள்வி ஆங்கில மாணவனுக்கு விளங்குவதைக் காட்டிலும் விரைவில் விளங்கவேண்டும்.

ஆனால் அத்தமிழ் மாணவன் மார்ஷியலை ஆங்கிலத்தின் வழியாகவே அடைகிறான் என்பதிலேதான் இடர்ப்பாடு உள்ளது. மேனாட்டுப் பண்டை இலக்கியங்கள் தமிழுக்கு வருமிடத்துப் பெரும்பாலும் ஆங்கிலமே இடைத்தரகு வேலையைச் செய்கிறது. ஆங்கிலம் தன் வர்க்க நலனுக்காகக் கழித்தவை கழிந்தனவாகவே வந்துசேர்கின்றன. அது தன் இயலாமையை மறைக்கச் சேர்த்த இயைபும் மூலத்தின் இயல்பென எண்ணப்படுகிறது. தமிழிலோ வினைமுற்று இறுதியில் நிற்பது இயல்பு. பொருளின் முடிச்சைக் கடைசிச் சொல்லில் அவிழ்க்கும் இலத்தீன் ஈரடிக்கு அதன் வாக்கிய அமைப்பு ஆங்கிலத்தைக் காட்டிலும் இணங்கியது. இத்தகைய வசதியைக் கையில் வைத்துக்கொண்டு, ஆங்கிலச் செய்யுளின் மணியோசையைத் தமிழிலும் அடிக்க முயல்வதைவிடப் பரிதாபமானது பிறிதில்லை. பல்கலைக்கழகங்களில் இலத்தீனைச் சிலராவது கற்கும்வரையில் இதற்கு நியாயமும் இல்லை.

98 ஆம் ஆண்டளவில் மார்ஷியல் உரோமாபுரியை விட்டுச் சொந்த ஊருக்குப் புறப்பட்டபோது, பயணச் செலவுக்கு இளைய பிளினி பணம் கொடுத்தார். சில ஆண்டுகளின் பின் அவரது மறைவைக் கேள்வியுற்று எழுதிய கடிதத்தில் பிளினி இதனைக் குறிப்பிட்டு, அந்தப் பணம் நட்புக்காகவும், தம்மைப் பற்றி மார்ஷியல் பாடிய செய்யுளுக்காகவும் கொடுக்கப்பட்டது என விளக்குகிறார். அச்செய்யுளின் ஒரு பகுதியையும் கடிதத்தில் எடுத்தெழுதியுள்ளார். அது தம்மைப் புகழும் பகுதி.